அம்மா எங்களோடு வர மறுக்கிறார், தெரு ஆட்கள் கூப்பிட்டால் உடனே பையைத் தூக்குகிறார். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?

தண்டையார்பேட்டைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அவர் இருந்தவரை அம்மாவுக்கு வெளியூர் என்றால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், இல்லாவிட்டால் கருமாதி, எப்போதாவது திருப்பதி, அவ்வளவுதான். இப்போது வீட்டில் ஆளையே பிடிக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி, ஆடி வந்தால் பெரியபாளையம், மாலை போட்டுக்கொண்டு மேல்மருவத்தூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. எங்கள் தெருவில் ஒரு அக்கா வேன் பிடித்து ஆள் சேர்த்து அழைத்துப் போகிறார். அந்தக் கூட்டத்தில் முதலில் பேர் கொடுப்பது அம்மாதான்.

பணம் பிரச்சினை இல்லை. பென்ஷன் வருகிறது, அவர் செலவை அவரே பார்த்துக்கொள்கிறார். எனக்கு உறுத்துவது உடம்பு. சர்க்கரை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது, பிரஷர் மாத்திரை போடுகிறார். ஏசி இல்லாத வேனில், காலடியில் மூட்டையை வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போய், எங்கேயோ கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டு வருகிறார். திரும்பி வந்ததும் கால் இரண்டும் வீங்கியிருக்கும். போன் அடித்தால் எடுப்பதில்லை. கேட்டால் 'பையில இருந்துச்சுப்பா, சத்தம் கேக்கல' என்கிறார்.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. போன வருடம் ஊட்டிக்கு அழைத்துப் போனோம். நல்ல ஓட்டல், வெந்நீர், லிஃப்ட் எல்லாம் இருந்தது. ஏறி இறங்க அவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்று ரூமிலேயே ஓய்வெடுக்கச் சொன்னோம், சின்னவன் தூங்கிக்கொண்டிருந்ததால் அவனையும் அவரிடமே விட்டுவிட்டு நாங்கள் படகு சவாரி, தாவரவியல் பூங்கா என்று சுற்றிவிட்டு வந்தோம். அடுத்த நாளே 'எப்பப்பா வீட்டுக்குப் போறோம்' என்று ஆரம்பித்துவிட்டார். இந்த வருடம் மூணாறு போகலாம் என்றால் 'நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்' என்கிறார். அதே வாரம் வேன் அக்கா கூப்பிட்டால் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம் போலிருக்கிறது!

இப்போது அந்தக் கூட்டம் காசிக்குக் கிளம்புகிறது, டிசம்பர் கடைசியில். ரயிலில் இரண்டு ராத்திரி. தங்கை 'விடவே கூடாது' என்கிறாள், மனைவி 'போகட்டும் விடுங்க' என்கிறாள். வயதானவர்கள் ஏன் இப்படி வசதியை விட்டுவிட்டு அலைச்சலைத் தேடிப் போகிறார்கள்? சரி, அனுப்புவது என்றே வைத்துக்கொள்வோம், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?


காலடிப்பேட்டை வேன் அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் தெரு அக்கா நான் இல்லை. ஆனால் நானும் அதே வேலைதான் செய்கிறேன், திருவொற்றியூர் பக்கம். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் அம்மா ஏன் வருகிறார் என்பது பாதி புரிந்துவிடும், அதனால் சொல்கிறேன்.

முதலில் பணம். யாரும் மொத்தமாகக் கொடுப்பதில்லை. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுப் போல என்னிடம் கட்டிவிடுவார்கள், பூ விற்ற காசு, பென்ஷன், மகள் கையில் வைத்துவிட்டுப் போனது, எது இருக்கிறதோ அது. ராமேஸ்வரம் மாதிரி தூர ஊருக்குப் போகும் நேரத்தில் பணம் தயாராக இருக்கும், வீட்டில் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம். அப்புறம் சாப்பாடு. பெரிய டூர் என்றால் சமையல் ஆள், கேஸ் அடுப்பு, அண்டா எல்லாம் கூடவே வரும். வெளிச் சாப்பாடு வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, செலவும் தாங்காது. மண்டபத்தில் இறங்கியதும் நான் வேண்டாம் என்றாலும் கேட்காமல் நான்கு பேர் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் செய்யும் அதே வேலைதான், ஆனால் இங்கே பேச்சு ஓடுகிறது, உப்பு கம்மி என்று சொல்ல ஆள் இல்லை.

கோயிலில் நிற்பது கொஞ்ச நேரம்தான் தம்பி. மீதி எல்லாம் வேனுக்குள். பாட்டு, மருமகள் கதை, சண்டை, சமாதானம். ஜன்னலோரச் சீட்டுக்காக 70 வயதில் இரண்டு பேர் பேசாமல் இருந்ததை எல்லாம் பார்த்திருக்கிறேன். இடத்துக்காக வருகிறவர்கள் உண்டு, ஆனால் வேனுக்காக வருகிறவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

என் பெரிய தலைவலி எது தெரியுமா, பாத்ரூம். வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அடுத்த நாள் தலை சுற்றல், நீர்க்கடுப்பு. அதனால் யாரும் கேட்காமலேயே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்கில் நிறுத்திவிடுவேன், 'டீசல் போடணும்' என்று டிரைவர் சொல்லிவிடுவார். மண்டபம் பேசும்போதே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்பேன். முட்டி வலிக்காரர்களால் கீழே உட்கார்ந்து எழ முடியாது. நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வேனிலேயே கிடக்கும், அதன் அருமை உட்கார்ந்து எழுகிறவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் தெரு அக்காவிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். எங்கே நிறுத்துவாய், முட்டி வலிக்கு என்ன ஏற்பாடு. பதில் சொல்லத் தெரிந்தால் நம்பி அனுப்பலாம்.


ராயபுரத்து ஆயா எழுதியது:

தம்பி, நான் போனில் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்கிறது, பேத்தி காட்டிக்கொடுத்தாள். தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதே. எனக்கு 71.

ஊட்டியில் உன் அம்மா ரூமில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். தண்டையார்பேட்டையிலும் அதைத்தானே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அதற்கு எதற்கப்பா மலை ஏற வேண்டும்?

கோபப்படாதே. நீ நல்ல பிள்ளைதான். என் மகனும் நல்ல பிள்ளைதான், காரில்தான் அழைத்துப் போவான். ஆனால் கார் கிளம்பும்போதே 'சீக்கிரம்மா, டிராஃபிக் ஆயிடும்', கோயில் வாசலில் 'அம்மா பார்க்கிங் இல்ல, டக்குனு பாத்துட்டு வந்துடு', உள்ளே போய்க் கண்ணை மூடினால் பேரன் பசிக்குது என்று அழுவான். பார்த்தாயா, சாமியை யார் பார்த்தது?

நாங்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து போவோம். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப் பொழுதில் எங்கள் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மின்சார ரயிலில் மீஞ்சூர் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோ, திரும்பி வந்து திருவொற்றியூர், அப்புறம் பஸ் மாறி மாறி முல்லைவாயில். வீட்டுக்கு வர ராத்திரி ஆகிவிடும், கால் வலி உயிர் போகும். மகன் 'கார்ல போனா மத்தியானமே வந்துடலாமே' என்பான். மத்தியானமே வந்து நான் என்ன செய்யப்போகிறேன், சீரியல் பார்க்கப்போகிறேன்!

இன்னொன்று சொல்லட்டுமா. 2021இல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஆனதிலிருந்துதான் எங்களுக்குக் கால் முளைத்தது. அதற்கு முன்னால் பஸ் காசுக்கும் மகனிடம் கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பான், ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் எங்கே போகிறாய், எதற்கு, போன வாரம்தானே போனாய், இது கூடவே வரும். இப்போது திருவொற்றியூருக்குத் தேரடி வரை மெட்ரோ கூட வந்துவிட்டது, லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அதற்குக் காசு என்பதால் வெயில் தாங்கவில்லை என்றால்தான் ஏறுவோம். மற்றபடி பஸ்ஸுக்குக் காத்திருப்போம், எங்களுக்கென்ன அவசரம்.

என் சிநேகிதி காசிமேட்டுக்காரி, கிறிஸ்தவள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு அவளோடு நான் போவேன், ஆடியில் என்னோடு அவள் பெரியபாளையம் வருவாள். வேப்பிலை கட்டுவதை மட்டும் தள்ளி நின்று பார்ப்பாள். பொங்கல் வைக்க அடுப்பு மூட்டுவது அவள்தான், என் கைக்கு நெருப்பு சீக்கிரம் பிடிக்காது.

போன் விஷயம். சத்தம் கேட்டிருக்கும் தம்பி. எடுத்தால் 'மாத்திரை போட்டியா, தண்ணி குடிச்சியா, எங்க இருக்க, யார் கூட இருக்க' என்று கேட்பாய். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் காதில் விழ ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி பதில் சொல்ல வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு தடவை 'நானே போன் போடுவேன்' என்று சொல்லி வை. எடுப்பாள்.


பெரம்பூர் ரயில்காரர் எழுதியது:

ராயபுரத்து அம்மா சொன்னதற்கு மேல் அந்தப் பக்கம் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் டிக்கெட்டுக்கு வருகிறேன், ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

காசிக்கு நேராகப் போக சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி. வாரத்தில் இரண்டு நாள்தான், அதனால் கூட்டம். டூர் நடத்துகிறவர்கள் வசதிக்காக ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டுவிடுவார்கள். இதில்தான் வயதானவர்கள் மிடில் பெர்த்திலும் அப்பரிலும் போய் மாட்டிக்கொள்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கான லோயர் பெர்த் கோட்டா தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்குத்தான், அதற்கு மேல் ஒரே டிக்கெட்டில் ஆள் சேர்ந்தால் அந்தக் கோட்டா கிடைக்காது. சாதாரணக் கோட்டாவிலும் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் காலியாக இருந்தால் கம்ப்யூட்டரே கொடுக்கும், ஆனால் அது இருந்தால்தான். ஆகவே இரண்டு இரண்டு பேராகப் போடச் சொல்லுங்கள், கூட்டமாக ஒரே பெட்டியில் உட்கார வேண்டும் என்கிற ஆசையைக் கொஞ்சம் விட வேண்டும். வண்டி கிளம்பிய பிறகு காலி லோயர் இருந்தால் டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) வயதானவர்களுக்கு மாற்றிக் கொடுக்கலாம், வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

கட்டணச் சலுகை இல்லை. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்தது, 2020 மார்ச்சில் கொரோனாவின்போது நிறுத்தினார்கள். பழைய கணக்கில் பட்ஜெட் போடாதீர்கள்.

டிசம்பர் கடைசி என்கிறீர்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வடக்கே அப்போது பனிமூட்டம், வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும், காசியில் குளிர் நம்ம ஊர் உடம்புக்கு ஆகாது. விடியற்காலை கங்கையில் முங்க வேண்டும் என்று வேறு அடம் பிடிப்பார்கள். பிப்ரவரி நடுவுக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், தலைப்பை விட்டு விலகிப் போகிறேன். இங்கே பேசப்படுகிறவர்கள் எல்லோரும் பெண்களாகவே இருக்கிறார்கள், கவனித்தீர்களா? என் வயது ஆண்கள் எங்கே? எனக்குத் தெரிந்தவர்கள் சாயங்காலம் பூங்காவில் உட்கார்ந்து அரசியல் பேசுவதோடு சரி. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களுக்கு வருடா வருடம் இலவச பாஸ் உண்டு, பாதி பேர் அதை எழுதி வாங்குவதே இல்லை. மாநகரப் பஸ்ஸில் 60 வயது முடிந்தவர்களுக்கு மாதம் 10 டோக்கன் இலவசம், ஆறு மாதத்துக்குச் சேர்த்தே கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். கேட்டால் 'எங்க போறது' என்கிறார். எங்கள் சிநேகிதமெல்லாம் பட்டறை வாசலோடு முடிந்துவிட்டது, ரிட்டயர் ஆனதும் ஒருத்தன் ஆவடி, ஒருத்தன் கூடுவாஞ்சேரி என்று வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். பெண்கள் முப்பது நாற்பது வருடமாக ஒரே தெருவில், ஒரே குழாயடியில் பழகியவர்கள். கூப்பிட ஆள் இருக்கிறது, கிளம்புகிறார்கள். கால் வலி எங்களுக்கு மட்டுமா இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை.


கொடுங்கையூர் மகள் எழுதியது:

எல்லோரும் நன்றாகப் பாட்டுப் பாடுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

என் அம்மாவும் இப்படி ஒரு கூட்டத்தோடு போனவர்தான். வெளியூரில் படித்துறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. டூர் நடத்தியவர் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணைக்கு ஒரு பாட்டியை உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். எல்லோரும் பணம் கட்டியிருக்கிறார்களாம். நாங்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடினோம். அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அந்தப் பாட்டிக்கும் தெரியாது, டாக்டருக்குச் சொல்ல ஆளில்லை. அம்மா பிழைத்தார், ஆனால் இப்போது தெருவைத் தாண்டவே பயப்படுகிறார். அந்த ஒரு விழுதலில் ஆளே மாறிவிட்டார்.

அதனால் அனுப்பும் முன்னால் வேன் அக்காவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: யாராவது விழுந்தால் யார் கூட நிற்பார்கள்? 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அம்மன் பாத்துக்குவா' என்று பதில் வந்தால் அனுப்பாதீர்கள். கூட்டத்தில் நடக்கத் திடமான, 40 வயதுக்குள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். மாத்திரை, நோய், ரத்த வகை, உங்கள் நம்பர் எல்லாம் ஒரு அட்டையில் எழுதி கழுத்தில் இல்லாவிட்டாலும் சுருக்குப் பையிலாவது இருக்கட்டும், காசிக்கு என்றால் இந்தியிலும் எழுதுங்கள். ரயில் டிக்கெட்டோடு சில பைசாவுக்குக் காப்பீடு எடுக்கிறோமே, அது ரயில் விபத்துக்கு மட்டும்தான், கங்கைப் படியில் விழுந்தால் வராது.


ராயபுரத்து ஆயா எழுதியது:

உன் அம்மாவுக்கு நடந்தது கொடுமை மகளே. ஆனால் எங்கள் தெருவில் இடுப்பு ஒடிந்தவர்கள் எல்லோரும் வீட்டு பாத்ரூமில் விழுந்தவர்கள்தான். ஒருத்தியும் காசியில் விழவில்லை.


கொடுங்கையூர் மகள் எழுதியது:

வீட்டில் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள் ஆயா. அதுதான் வித்தியாசம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன்.


வியாசர்பாடி நர்ஸ் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நான் வார்டில் பார்ப்பதை வைத்துச் சிலதைச் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு முக்கியம் பாதம். ரொம்ப நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். மத்தியான வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், சுடுவது தெரியாது, ராத்திரி பார்த்தால் கொப்புளம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்து முள் குத்தியதே தெரியாமல் புண்ணோடு வருகிறவர்கள் உண்டு. அந்தப் புண்தான் பிறகு விரலை எடுக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. தினமும் படுக்கும் முன் பக்கத்தில் இருக்கிறவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும், தனக்குத்தானே குனிந்து பார்க்க முடியாது.

அடுத்தது விரதம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தரிசனம் முடியும்வரை சாப்பிடமாட்டேன் என்று வரிசையில் நிற்பார்கள். சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து, கை நடுங்கி விழுவார்கள். மயக்கம் என்று சோடா தெளித்துக்கொண்டு இருக்காமல், நினைவு இருந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் வெயிலில் நிற்கும் வேனில் மருந்தை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகக் கூடாது, ஐஸோடு ஒட்டி உறைய வைக்கவும் கூடாது.

நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள் பயண நாளில் தாங்களாகவே அதை நிறுத்திவிடுகிறார்கள், வேன் அக்கா சொன்ன அதே பாத்ரூம் பயத்தில். நிறுத்தக் கூடாது. எந்த நேரத்துக்கு மாற்றிப் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டால் சொல்வார். கால் இரண்டும் வீங்குவது தொங்கவிட்டே உட்கார்ந்து வருவதால் இருக்கலாம், மண்டபத்தில் கொஞ்ச நேரம் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தால் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதையில் வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அது வேறு, ரத்தம் கட்டியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரயில் இந்த விஷயத்தில் வேனைவிட எவ்வளவோ மேல், எழுந்து நடக்கலாம். நடக்க வையுங்கள்.


புத்தகப்புழு எழுதியது:

ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். லாரா கார்ஸ்டென்சன் என்று ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நமக்கு மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று தோன்ற ஆரம்பித்ததும் மனிதர்கள் புதுசு புதுசாகத் தெரிந்துகொள்வதைவிட, மனசுக்கு நெருக்கமானவர்களோடு இருப்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவர் கருத்து. போன கோயிலுக்கே திரும்பத் திரும்பப் போவது அப்படிப் பார்த்தால் புரிகிறது. ஆனால் எனக்கு முழுசாக ஒத்துப்போகவில்லை. என் பாட்டி 70க்கு மேல்தான் புதுச் சிநேகிதிகளைப் பிடித்தார், அதுவும் ரயிலில். சின்ன வயதில் அவருக்குச் சிநேகிதம் பிடிக்க வாய்ப்பே இல்லை, கட்டிக்கொடுத்த வீட்டில் வாசலில் நின்றாலே கேள்வி. நம்ம ஊர்ப் பெண்கள் நிறைய பேருக்கு இளமை 60க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.


தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. ஊட்டிக்காக ஆயா நன்றாகவே வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார், மனைவி படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். கால் வலிக்கு நல்லது என்றுதான் ரூமில் இருக்கச் சொன்னேன் ஆயா, இப்போதும் அதைத்தான் சொல்வேன், குன்னூர் ரோட்டில் அவரால் நடந்திருக்க முடியாது.

தெரு அக்காவிடம் பேசினேன். பாத்ரூம் கேள்விக்கு டக்கென்று பதில் வந்தது, ஜபல்பூர் தாண்டினால் எந்தப் பெட்டி பாத்ரூம் மோசம் என்பது வரை சொல்கிறார். விழுந்தால் யார் நிற்பார்கள் என்றதற்குத்தான் கொஞ்சம் யோசித்தார். அவர் அண்ணன் மகன் ஒருவன் சும்மா இருக்கிறானாம், அவன் டிக்கெட்டை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் கூட்டி வருகிறேன் என்றார். என் பங்கைக் கொஞ்சம் கூடவே கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் பிப்ரவரிக்கு மாற்ற முடியாது, மார்கழியில்தான் போக வேண்டும் என்று மூன்று பேர் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், அதில் ஒருவர் எங்கள் அம்மா.

இன்னொன்று, அறநிலையத்துறையே காசிக்கு இலவசமாக அழைத்துப் போகிறது என்று தங்கை சொல்கிறாள். அது எப்படி? அதில் டாக்டர் எல்லாம் வருவாராம், அதனால் அதில் போகட்டும் என்கிறாள்.


காலடிப்பேட்டை வேன் அக்கா எழுதியது:

உண்டு தம்பி. ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு ஒன்று, அறுபடை வீட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் வயது 60இலிருந்து 70க்குள், வருமான வரம்பும் உண்டு, உடல் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். கோயில் அலுவலகத்தில் கேட்டால் எப்போது விண்ணப்பம் என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் அறுபடை வீடு போய்விட்டு வந்தார்கள், நன்றாகக் கவனித்தார்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் மாநிலம் முழுக்கச் சில நூறு பேரைத்தான் காசிக்கு எடுக்கிறார்கள், சிநேகிதிகள் எல்லோருக்கும் சேர்ந்து இடம் கிடைக்காது. உங்கள் அம்மா தனியாகப் போவாரா என்று அவரையே கேளுங்கள்.


தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

கேட்டேன். 'தெரியாதவங்க கூட யாருப்பா போவா' என்கிறார்.


பெரம்பூர் ரயில்காரர் எழுதியது:

நான் அப்போதே நினைத்தேன். சரி, மார்கழி என்றால் மார்கழி. குரங்குக் குல்லா, கம்பளி சாக்ஸ், பழைய போர்வை ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். திரும்பி வருகிற வண்டி தாமதமாகும் என்று வைத்துக்கொண்டு மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கட்டிக் கொடுங்கள். டிக்கெட்டை முன்பதிவு திறக்கும் நாளிலேயே போட்டுவிட வேண்டும், 60 நாள் முன்னால் திறக்கும், இரண்டு இரண்டு பேராக. ஆதார் ஒரிஜினலை அக்கா மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம், அவரவர் கையில் இருக்கட்டும். அந்தப் பையன் டிக்கெட்டை மட்டும் தனியாகப் போடுங்கள், பெரியவர்களோடு சேர்த்தால் கோட்டா போய்விடும். அவனுக்கு அப்பர் கிடைத்தால் போதும்.